கீழாநெல்லிக்கு ஒரு காஷன் ஆர்டர்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நம் சங்க அன்பர் ஒருவர், "மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்று லண்டன் லான்செட் பத்திரிகையே 1988-ல் எழுதிவிட்டது. இன்னும் என்ன சார் ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?" என்று பெருமையோடு கேட்டார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொண்டவன் நான். அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

அன்பர் சொன்னது முழுப் பொய்யல்ல. கல்லீரலைத் தாக்கும் 'பி' வகை வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராசனும் (பின்னாளில் அங்கேயே துணைவேந்தர் ஆனவர்) இன்னும் சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லி மருந்து. மறு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து. முப்பது நாள் கொடுத்தார்கள். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. நோபல் பரிசு வாங்கியவர் நம் கொல்லைப்புறச் செடியைக் கையில் எடுத்தார் என்பதில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் அவர்கள் சோதித்தது காமாலை கண்டவர்களை அல்ல. 'பி' வைரஸை நீண்ட நாளாக இரத்தத்தில் சுமந்துகொண்டிருப்பவர்களை. இப்படிப்பட்டவர்களில் பலர் பார்ப்பதற்கு நம்மைப் போலவே ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆக, மஞ்சள் காமாலை கீழாநெல்லியால் குணமாகும் என்பதற்கு அந்தக் கட்டுரை சாட்சியே அல்ல. அதையும் 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் அவர்களே அடக்கமாக எழுதினார்கள்.

இரண்டே வருடத்தில், 1990-ல், அதே லான்செட்டில் தாய்லாந்து டாக்டர்களின் கட்டுரை வந்தது. அங்கே வைரஸைச் சுமப்பவர்களுக்கு இதே செடியைக் கொடுத்துப் பார்த்ததில் வைரஸ் போகவில்லை. பல நாட்டுச் சோதனைகளைத் திரட்டி அலசிய காக்ரேன் குழுவினரும் 2011-ல், வெற்று மருந்தைவிட இது பலன் தருகிறது என்று நம்பச் சான்று போதாது என்றார்கள். நம்மவர் 1988-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 1990-ஐ விட்டுவிடுகிறார்கள். மண் வேறு, செடியின் இனம் வேறு என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. இருக்கலாம். அப்படியானால் எந்த மண், எந்த இனம் என்று சோதித்துக் காட்ட வேண்டியவர்கள் நாம்தானே?

சீனர்களுக்கும் இதே அனுபவம். 1992-ல் லண்டனில் தீராத கரப்பான் நோய்க்குச் சீன மூலிகைக் கஷாயத்தைச் சோதித்தார்கள். நல்ல பலன் என்று பேச்சு. 1999-ல் ஹாங்காங்கில், சீன நோயாளிகளிடமே திரும்பச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ரயில் பாதையில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போட்ட பாதையில் முதல் வண்டி பத்திரமாகப் போய்விட்டது என்பதற்காக முழு வேகம் கொடுத்துவிட மாட்டோம். மணிக்கு 20 கி.மீ. என்று காஷன் ஆர்டர் போடுவோம். பல வண்டிகள் ஓடி, பாதை இறுகி, அளந்து பார்த்த பிறகுதான் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம்.

இனி என் கதை. 1984-ல் டோர்னக்கல் பக்கம் பாதை வேலையில் இருந்தபோது எனக்குக் காமாலை வந்தது. அம்மா கும்பகோணத்திலிருந்து ஓடி வந்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் 'பசரு மந்து' என்று ஏதோ பச்சிலைச் சாறு கொண்டுவந்தார். இருவர் மனமும் கோணக்கூடாதென்று இரண்டையும் குடித்தேன். மூன்று வாரத்தில் எழுந்து நடந்தேன். அம்மா கீழாநெல்லி என்றாள். அந்த அம்மாள் பசரு என்றார். ரயில்வே டாக்டரோ, இது தண்ணீரால் வந்த 'ஏ' வகை, பெரும்பாலும் தானே போய்விடும் என்று சிரித்தார். யார் பேச்சை நான் நம்பியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா!

பல வருடம் கழித்து என் சகலைக்குக் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. "டாக்டரிடம் போகலாமா?" என்று என்னிடம்தான் கேட்டார். டோர்னக்கல் கதையைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு எதற்கு அண்ணா, கீழாநெல்லி போதும் என்றேன். நானே செகந்திராபாத் வீட்டுக்குப் போய்ச் செடி கொடுத்தேன். ஏழு வாரம் குடித்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் பித்தநாளத்தை அடைத்துக்கொண்டு கட்டி இருந்தது. "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று டாக்டர் கேட்டபோது என் மைத்துனி என்னைப் பார்க்கவில்லை. அவர் அந்த வருடம் தீபாவளி வரை இருந்தார்.

காமாலை என்பது நோயின் பெயரே அல்ல, ஓர் அறிகுறி என்பது எனக்கு அப்போது தெரியாது. தானே போகிற காமாலையும் உண்டு. கல்லும் கட்டியும் அடைத்து வருகிற காமாலையும் உண்டு. கண்ணைப் பார்த்துப் பிரித்தறிய என்னால் முடியாது, உங்களாலும் முடியாது.

கீழாநெல்லியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சோதித்தே பார்க்காமல் மூலிகை என்றாலே ஏளனம் செய்யும் டாக்டர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. என் தொட்டியில் இன்றும் அந்தச் செடி இருக்கிறது. ஆனால் கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை, டாக்டர் சொன்னால் ஸ்கேன்.

இன்னொன்று. 'பி' வகைக்கு உள்நாட்டில் உருவான முதல் மரபணுத் தொழில்நுட்பத் தடுப்பூசியை 1997-ல் கொண்டுவந்தது இந்த ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ்தான். இன்று குழந்தைகளுக்கு அரசே போடுகிறது. நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்? ஒரு ஞாயிறன்று சங்கக் கூடத்தில் 'பி' வைரஸ் சோதனையும், தேவையானவர்களுக்கு முதல் ஊசியும் ஏற்பாடு செய்யும்படி செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொத்தம் மூன்று ஊசி, ஆறு மாதம் ஆகும். வர விரும்புவோர் அடுத்த கூட்டத்தில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். என் பெயரையும் மைத்துனியின் பெயரையும் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.