வாத்தியாருக்கு யார் சொல்லித் தருவது?

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. வாத்தியார்களைத் திட்டி எழுதுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். இது அந்த வகைக் கட்டுரை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாழவந்தி, ஏற்காடு மலையில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரி என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு. நானும் என் நண்பன் ஒருவனும் ஒன்றாகத்தான் இறங்கினோம். இருவரும் தமிழ் மீடியம். இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

முதல் வருடம் எங்களுக்கு ஒரு சார் வந்தார். தங்கமான மனிதர். தேவையில்லாமல் லீவு போட மாட்டார், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் மணி அடித்ததும் போர்டு பக்கம் திரும்பினால், அடுத்த மணி அடிக்கும்போதுதான் எங்கள் பக்கம் திரும்புவார். "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகச் சொல்வோம். (புரியவில்லை என்று சொல்வதற்கு, எது புரியவில்லை என்றாவது புரிந்திருக்க வேண்டுமே!)

இரண்டாவது செமஸ்டர் முடிவில் நண்பனுக்கு நாலு அரியர். மூன்றாவது செமஸ்டருக்கு அவன் வரவில்லை.

தப்பு யாருடையது என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. என் கேள்வி வேறு. "சார், பின் பெஞ்சில் யாருக்கும் புரியவில்லை" என்று அவருடைய இத்தனை வருட சர்வீஸில் யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா? மாணவன் பயத்தில் சொல்ல மாட்டான். சக ஆசிரியர் அடுத்தவர் வகுப்புக்குள் வருவதே மரியாதைக் குறைவு என்று நினைப்பார். நிர்வாகம் தேர்ச்சி சதவீதத்தைப் பார்க்கும், வகுப்பைப் பார்க்காது. அவருக்கு எப்படித் தெரியும்?

பள்ளியில் பாடம் நடத்த பி.எட். படிக்க வேண்டும். அதில் பள்ளிக்கே போய் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து கவனித்துக் குறை நிறை சொல்வார். கல்லூரிக்கு? நெட் அல்லது செட் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். நெட் தேர்வில் மொத்தம் 150 கேள்விகள். முதல் தாளின் பத்து அலகுகளில் ஒன்று கற்பிக்கும் திறன் பற்றியது, அதற்கு ஐந்து கேள்விகள். அதுவும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நீச்சல் தெரியுமா என்று பேப்பரில் கேட்டுவிட்டுக் கிணற்றில் தள்ளுவது போலத்தான். பிஎச்.டி. மாணவர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்று யு.ஜி.சி. 2022-ல் விதியே கொண்டுவந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே வகுப்பறையில் இருப்பவர்கள்?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்'களை யு.ஜி.சி. தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் அவை வந்தன. 2015-ல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று மறுபடியும் மாறியது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு நல்ல வேலை.

இதில் ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்று இரண்டு வகைப் பயிற்சிகள் பிரதானம். இரண்டு, மூன்று வாரம் நடக்கும். பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழ் கணக்கில் வரும். பிரச்சனை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. போய் வந்த ஆசிரியர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். வேறு ஊர் ஆசிரியர்களோடு பழகக் கிடைத்தது, இரண்டொரு உரைகள் நன்றாக இருந்தன என்றார்கள். "திரும்பி வந்து வகுப்பில் என்ன மாற்றினீர்கள்?" என்றால் சிரிக்கிறார்கள். உரை நிகழ்த்துவது மட்டுமே கற்பித்தல் ஆகாது என்பதைக்கூட அங்கே உரையாகத்தான் கேட்டார்களாம்!

எங்கள் ஊரில் காபி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். அராபிகா செடியில் தண்டு துளைப்பான் விழுந்தால் வெளியே சட்டென்று தெரியாது. புழு தண்டுக்குள்ளே இருக்கும். இலை வாடி மஞ்சளாகும்போது தாமதமாகிவிட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தோட்டத்துக்குள் போய் ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவிப் பார்ப்பது. மீட்டிங் ஹாலில் படம் போட்டுக் காட்டினால் போதும் என்று எந்தத் தோட்டக்காரரும் நம்ப மாட்டார். கல்லூரி ஆசிரியர் விஷயத்தில் மட்டும் நாம் அதை நம்புகிறோம்.

நல்ல ஆசிரியருக்கு இதெல்லாம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பெண்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை நியூட்டன் விதிகளைப் பற்றி, கணக்கே போடத் தேவையில்லாத அடிப்படைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்கையெல்லாம் போட்ட மாணவர்கள் அதில் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு 1991-லிருந்து வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஹார்வர்டு பேராசிரியருக்கே தன் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. எங்கள் சார் எம்மாத்திரம்?

இது ஒருவருடைய அனுபவம் மட்டும் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள். மாணவர்களைச் செய்யவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 22 பேர். நடுவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு பேரில் என் நண்பனைப் போல எத்தனை பேரோ!

சரி, என்ன செய்யலாம்? பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

ஒன்று, செமஸ்டர் நடுவிலேயே மாணவர்களைக் கேட்க வேண்டும். இப்போது நாக் ஃபைலுக்காகக் கடைசியில் ஒரு ஃபார்ம் தருகிறார்கள். நாங்களும் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் அடிக்கிறோம். அதற்குப் பதில் ஆறாவது வாரத்தில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு போதும். எது புரிகிறது, எது புரியவில்லை, எதை மாற்றலாம்? சீட்டை அந்த ஆசிரியர் மட்டும் பார்க்கட்டும். பழிவாங்க எழுதுவார்கள் என்ற பயத்துக்கு அப்போது வேலை இல்லை.

இரண்டு, அதே பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியர் செமஸ்டருக்கு இரண்டு முறை பின் பெஞ்சில் வந்து உட்காரட்டும். பிறகு இவர் அவர் வகுப்புக்குப் போகட்டும். டீ குடித்துக்கொண்டே பேசட்டும். துறைத்தலைவருக்கு ரிப்போர்ட் போகக் கூடாது, பதவி உயர்வுக் கணக்கிலும் சேரக் கூடாது. மதிப்பெண் என்று வந்துவிட்டால் யாரும் தன் குறையைக் காட்ட மாட்டார்கள். பரீட்சை எழுதும் எங்களுக்குத் தெரியாததா இது?

மூன்றாவதுதான் முக்கியம். அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. பெயரில் மட்டும் கௌரவம் இருக்கிறது. வருடத்தில் 11 மாதத்துக்குத்தான் சம்பளம். பதவி உயர்வே இல்லாதவருக்குப் பதவி உயர்வுக்கான பயிற்சியால் என்ன லாபம்? அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் "புது முறையில் பாடம் நடத்துங்கள்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவருக்குக் கொடுக்கும் முதல் உதவி வேலை நிரந்தரம்தான். பயிற்சி அதற்கு அப்புறம்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் தேர்வு வேலை, ஃபைல் வேலை. "இதற்கெல்லாம் ஏதப்பா நேரம்?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதனால்தான் இதையும் வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன். சான்றிதழுக்காக 21 நாள் ஒதுக்க முடிகிறபோது, சொந்த வகுப்புக்காக வருடத்துக்கு 21 மணி நேரம் ஒதுக்க முடியாதா?

நண்பன் இப்போது பழம் பறிக்கும் சீசனில் தோட்ட வேலைக்குப் போகிறான். போன வாரம் பார்த்தபோது அந்த சாரைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல மனுஷன்டா, எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றான். அவன் அப்படி நம்புவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.