கோவில்பட்டியின் பெயருக்குக் காவல் இல்லை

கைப்பேசியில் 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று தட்டினால் பொட்டலங்கள் வரிசை கட்டி வருகின்றன. அவற்றில் எது கோவில்பட்டி வட்டாரத்தில் பாகு காய்ச்சி வார்த்தது, எது வேறெங்கோ வெட்டி அடைத்தது என்று வாங்குபவர் எளிதில் அறிய வழியில்லை. விற்பவரிடம் இணையக் கடை சான்று கேட்டாக வேண்டும் என்று மின்வணிக விதிகளும் சொல்லவில்லை.

கரிசல் காட்டுக் கடலையும் வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்த இந்த மிட்டாய்க்கு, உற்பத்தியாளர் சங்கம் பல ஆண்டுகள் காத்திருந்து 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு பெற்றது. மூன்று மாதத்துக்குள், ஜூலை 23 அன்று, மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வெளியாயின. அவற்றின் ஐந்தாவது விதி, பதிப்புரிமை, வணிகச் சின்னம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்று சட்டங்களின்கீழ் நீக்கப்பட்ட சரக்கைத் திரும்பத் திரும்ப விற்க வருபவர்களின் விவரத்தை இணையக் கடைகள் பதிந்து வைக்கச் சொல்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய கம்பெனியின் சின்னத்துக்குக் கிடைத்த அந்தச் சிறு காவல்கூட ஒரு வட்டாரத்தின் பெயருக்குக் கிடைக்கவில்லை. இதை நாம் கண்டிக்கிறோம்.

போலிப் பெயரில் விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று குறியீட்டுச் சட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் சோதனையிடும் முன் காவல்துறை புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். வாடகைக் கொட்டகையில் அடுப்பு மூட்டும் சிறு உற்பத்தியாளர், முகம் தெரியாத விற்பனையாளர் மேல் எந்த ஊரில் போய்ப் புகார் கொடுப்பார்? அதே இணையத் தளத்தில் விற்க அவரும் தளக் கட்டணங்கள் கட்ட வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் பொட்டலம்தான் முன்னால் நிற்கும். விலையில் சிறு உற்பத்தியாளர் தோற்பது உறுதி.

டார்ஜிலிங் தேயிலை பட்ட பாடு நம் கண்முன் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி கிலோ விளைந்த காலத்தில் உலகச் சந்தையில் அந்தப் பெயரில் 4 கோடி கிலோ விற்றதாகப் பரவலாகச் சொல்லப்பட்டது. அதற்குத் தேயிலை வாரியம் என்ற துணையாவது இருந்தது.

மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இருக்கும் எப்போதும்வென்றான் போன்ற மானாவாரி ஊர்களுக்கும் இந்தப் பெயர்க் காவலில் பங்கு உண்டு. மழையை நம்பி விதைக்கும் இந்தக் கரிசலில் உளுந்தும் பாசியும் மல்லியும் வத்தலும் இன்றும் மூட்டையாகத்தான், ஊர்ப்பெயர் இல்லாமல்தான் போகின்றன. நாளை இவற்றுக்கும் பெயர் வாங்கித் தருவோம் என்கிறார்கள். வாங்கிய ஒன்றையே காக்காதவர்கள் அதைச் சொன்னால் சம்சாரி எப்படி நம்புவார்?

இணையம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2021இல் அஞ்சல் துறை ஒரு வழி காட்டியது. எந்த ஊர் அஞ்சலகத்தில் பணம் கட்டினாலும் மிட்டாய் கோவில்பட்டியிலிருந்தே புறப்பட்டது. பிறந்த இடம் தெரிந்த சரக்கைத் தொலைவுக்கு விற்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

மத்திய அரசு ஐந்தாவது விதியில் புவிசார் குறியீட்டுச் சட்டத்தையும் உடனே சேர்க்க வேண்டும். குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்ட 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எண் இல்லாத யாரும் குறியீடு பெற்ற பெயரில் பட்டியலிட முடியாதபடி இணையக் கடைகள் தடுக்க வேண்டும். அந்தப் பயனாளர் பதிவுக் கட்டணம் 2020இலேயே 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தடை பணம் அல்ல, படிவம்தான். மாவட்டத் தொழில் மையம் கோவில்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் முகாம் போட்டு, கடைசி அடுப்புக்காரர் வரை பதிவு செய்ய வேண்டும். அடுத்த தீபாவளி ஆர்டர்கள் தொடங்கும் முன் இது நடக்க வேண்டும்.