நூலைப் பற்றி யாரும் கேட்பதில்லை

பனியன் வாங்க வருகிறவர் கடைக்காரரிடம் நிறையக் கேட்பார். சாயம் போகுமா, துவைத்தால் சுருங்குமா, மூன்றாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? அட்டைப்பெட்டியில் அதிகபட்ச விலையும் தயாரித்தவர் முகவரியும் இருக்கும். நூல் எந்த மில்லில் ஓடியது என்பது இருக்காது. அதை யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுத் துணிக்குப் பின்னால் நடந்த சுரண்டல்களில் மிக மோசமானது அந்த மில்லுக்குள்தான் நடந்தது.

இந்தியாவின் நூற்பாலைகளில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் நிரந்தரத் தொழிலாளியின் இடத்துக்கு, மில்லிலேயே தங்க வைத்து வேலை வாங்கும் ‘கேம்ப் கூலி’ முறை வந்தது. புரோக்கர்கள் வறண்ட கிராமங்களாகப் பார்த்துப் போனார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்ணின் பெற்றோரிடம் ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்று நோட்டீசை நீட்டினார்கள். மூன்று வருஷம் வேலை, மில் ஹாஸ்டலில் சாப்பாடும் தங்கலும், முடிவில் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாக. சுமங்கலித் திட்டம் என்று ஊர் அறிந்தது இதைத்தான். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அதையே காட்டி வேலைக்கு ஆள் பிடித்த துணிச்சலை என்னவென்பது! அந்த மொத்தத் தொகையும் முதலாளி கொடுத்த சீர் அல்ல. மாதாமாதம் அவளுக்குச் சேர வேண்டிய கூலியில் பிடித்து வைத்தது. உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருஷத்தில் வீடு திரும்பியவளுக்குப் பல மில்களில் அது கைக்கு வரவே இல்லை.

வேலை எப்படிப்பட்டது? ரிங் ஃபிரேம் எந்திரத்தின் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுழலும். எங்கே நூல் அறுந்தாலும் விரலால் பிடித்து ஒட்ட வேண்டும். நூல் அறாமல் இருக்க அறைக்குள் ஈரப்பதம் ஏற்றியிருப்பார்கள், வெக்கை தாங்காது. முடியிலும் இமையிலும் பஞ்சு படியும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நெஞ்சிறுக்கம் வரலாம். ஷிப்ட் முடிந்தால் ஹாஸ்டல், அங்கே வார்டன். பல மில்களில் கைபேசிக்கு அனுமதி இல்லை. பெற்றோரே வந்தாலும் கேட்டில் காத்திருக்க வேண்டியதுதான்.

2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் இதை அறிக்கையாக வெளியிட்டன. ஐரோப்பியக் கடைகளுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர்களிடம் தயாராக இருந்த மருந்து ஆடிட். ஆனால் ஆடிட்டர் போவது பெரும்பாலும் துணி தைக்கும் கம்பெனிக்கு. நூற்கும் மில் வரை வருவது அபூர்வம். வந்தாலும் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியைப் பார்க்கலாம். 2012 செப்டம்பரில் அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மறு ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. சான்றிதழ் ஒட்டிய சட்டையாகப் பார்த்து வாங்கினால் மனம் ஆறலாம். மில்லுக்குள் இருப்பவளுக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை.

மாறிய இடம் திண்டுக்கல் பக்கம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022இல் ஆலை நிர்வாகத்தோடு மட்டுமல்ல, எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற மூன்று பெரிய ஆடை நிறுவனங்களோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆலை பேச்சு மாறினால் ஆர்டர் குறையும் என்பது நிபந்தனை. தொழிலாளர்களிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் கண்காணித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அந்த ஆலைச் சரக்கைத் தடுத்தது. நிலைமை சீராகிவிட்டது என்று கண்டு செப்டம்பரில் விட்டுவிட்டது. முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் கிட்டத்தட்ட எல்லாமே தீர்க்கப்பட்டன.

இதெல்லாம் வெளிநாட்டில் வாங்குகிறவனின் கேள்விக்கும் கிடைத்த பலன். ஈரோட்டுச் சந்தைக்கும் சென்னைக் கடைக்கும் போகும் சரக்குக்கு அப்படிக் கேட்பார் யாரும் இல்லை. சுமங்கலி என்ற பெயர் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது; ஹாஸ்டல்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூலியைப் பற்றிக் கேட்டால், கூலி ஏறினால் விலை ஏறும், ஏழை எப்படி வாங்குவான் என்று பதில் வரும். நூல் விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. கூலி அதில் சிறு பங்குதான். வாங்காமல் விடுவதும் வழியல்ல. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அந்தப் பெண்தான்.

வழி, மொத்தமாக வாங்குகிறவர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசும் ஒரு பெரிய ஜவுளி வாடிக்கையாளர். 1983 முதல் பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுக்கிறது. இப்போது ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு. கைத்தறி, விசைத்தறி நெசவாளருக்கு வேலை என்பதே அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நெசவாளரை நினைத்த அரசு, நூற்கிறவளையும் நினைக்கலாம். நூலுக்கு டெண்டர் போடும்போது நூலின் தரத்தோடு, மில்லில் எத்தனை பேர், எந்த ஒப்பந்தத்தில், யாருக்கெல்லாம் பி.எஃப். கட்டப்படுகிறது என்றும் கேட்கலாம். சரிபார்ப்பதும் கஷ்டமில்லை. பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் மில்லின் பெயரைத் தட்டினால், எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது வந்துவிடுகிறது.