ஒடுங்கும் வாசலும் எமது இளம் ஆய்வாளர்களும்

கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் சில ஆண்டுகள் இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் பணியாற்றியாக வேண்டும் என்பது உயிரியல் விஞ்ஞானத்தில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. கல உயிரியலிலும் உயிர்த்தகவலியலிலும் நிரந்தரப் பதவியை நாடுவோருக்கு இதிலிருந்து விலக்குக் கிடைப்பது அரிது. இத்தகைய பதவிகளைத் தேடி உலகெங்குமிருந்து இளம் ஆய்வாளர்கள் சென்ற நாடு அமெரிக்கா. 2025 ஆம் ஆண்டில் அந்த வாசல் வெகுவாக ஒடுங்கியது.

அவ்வாண்டு பெப்ரவரியில், ஆய்வு மானியங்களுடன் வழங்கப்படும் மறைமுகச் செலவுகளை 15 வீதத்துக்கு மட்டுப்படுத்துவதாக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் அறிவித்தது. நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆயினும், வேறு பல மானியங்கள் ரத்துச் செய்யப்பட்டமையால் புதியவர்களைச் சேர்க்க ஆய்வுகூடத் தலைவர்கள் தயங்கினர். மே மாதம் மாணவர், பரிமாற்ற வீசாக்களுக்கான புதிய நேர்முக ஒதுக்கீடுகள் நிறுத்தப்பட்டன. ஜூனில் அவை மீள ஆரம்பித்தபோது விண்ணப்பதாரியின் சமூக ஊடகப் பதிவுகளும் பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டன. செப்டெம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் பிரகடனப்படுத்தப்பட்டது. பலர் ஜே-1 வீசாவில் செல்வதால் இது அனைவரையும் தொடுவதில்லை. எனினும் 2024 இல் அந்நிறுவகம் முதலாண்டு ஆய்வாளருக்கு நிர்ணயித்த உதவித்தொகை 61,008 டொலர் மாத்திரமே என்பதை நோக்கினால் கட்டணத்தின் பாரம் புலப்படும்.

ஐரோப்பா கைநீட்டியது உண்மைதான். 2025 மே மாதம் ஆய்வாளர்களை ஈர்ப்பதற்கென 500 மில்லியன் யூரோ ஒதுக்கப்படுவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. ஆனால், எந்நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடிய மரீ ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி புலமைப்பரிசிலுக்கு 2024 இல் 10,360 ஆக இருந்த விண்ணப்பங்கள் 2025 இல் 17,058 ஆக உயர்ந்தன. ஒரு வாசலில் திருப்பப்பட்டோர் மறுவாசலில் திரண்டால் அங்கும் நெருக்கடிதான்.

இந்நெருக்கடி இரு துறைகளையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை என்பதே எமது கணிப்பு. புரதங்களின் கட்டமைப்பை எதிர்வுகூறும் அல்பாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜோன் ஜம்பரும் 2024 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அதன் 20 கோடிக்கு மேற்பட்ட கட்டமைப்புகள் எவருக்கும் இலவசம். யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ இருந்தவாறே உயிர்த்தகவலியலாளர் ஒருவர் அவற்றைக் கொண்டு தமது திறமையை நிரூபிக்கலாம். கல உயிரியலாளருக்கு அந்த வசதி இல்லை. 37 பாகை வெப்பத்தில் வளரும் கலங்களுக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும். 2022 இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனை விளக்கத் தேவையில்லை. ஆகவே, கல உயிரியலாளர்கள் தரவுப் பகுப்பாய்வையும் கற்பது இன்று ஆடம்பரமன்று.

தேடும் முறையிலும் எம்மவர்கள் தவறிழைக்கின்றனர். விளம்பரம் வரும்வரை காத்திருப்பது ஒன்று. ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவது இன்னொன்று. அவரது அண்மைய கட்டுரையை வாசித்து, தம்மால் அங்கு என்ன செய்யமுடியும் என்பதை நான்கு வரிகளில் எழுதும் கடிதத்துக்கே பதில் வரும். பதவியுடன் வீசாவும் அதே பேராசிரியரைச் சார்ந்திருப்பதால், அவரிடம் முன்னர் பணியாற்றியோரை விசாரிப்பதும் அவசியம். கூச்சம் காரணமாக எம்மவர்கள் இதனைச் செய்வதில்லை.

கியூரி புலமைப்பரிசிலுக்கு வழமையாக செப்டெம்பரில் விண்ணப்பம் முடிவடைகிறது. ஏற்கும் ஆய்வுகூடத்தின் சம்மதத்துடனேயே விண்ணப்பிக்க முடியும் என்பதால், முதற்கடிதம் அந்த ஆண்டின் ஆரம்பத்திலேயே சென்றிருக்க வேண்டும்.