கதை புரியவில்லை, படம் பிடித்தது

விசைத்தறி ஓடும்போது பக்கத்துத் தறிக்காரர் கத்தினாலும் காதில் விழாது. ஆகவே ஆர்.கே.பேட்டையில் மின்சாரம் நிற்கிற நேரம்தான் நம் சபை கூடுகிற நேரம். அப்படிக் கூடிய ஓர் இரவில், கல்லூரிக்குப் போகிற தம்பி ஒருவன் தன் கைப்பேசியில் ஓர் அமெரிக்கத் துப்பறியும் படத்தைப் போட்டுக் காட்டினான். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். மூன்று இரவுகளில் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தோம். முடிந்ததும் பாவு பிணைக்கிற பெரியவர் கேட்டார்: “ஆமாம், கொன்றது யார் தம்பி?” தம்பிக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மூன்று இரவும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படத்தின் பெயர் ‘இன்ஹெரண்ட் வைஸ்’. தாமஸ் பிஞ்சன் 2009இல் வெளியிட்ட நாவலைப் பால் தாமஸ் ஆண்டர்சன் 2014இல் படமாக்கினார். 1970ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடற்கரையில் நடக்கிற கதை. துப்பறிகிறவன் டாக் என்கிற பேர்வழி. வாக்கின் ஃபீனிக்ஸ் நடித்திருக்கிறார். மடிப்புக் கலையாத கோட்டும் கூர்மையான பார்வையுமாக வருகிற வழக்கமான துப்பறிவாளன் அல்ல இவன். கன்னம் முழுக்கக் கிருதா, அழுக்குப் பாதம், விரலிடுக்கில் ஓயாமல் கஞ்சாச் சுருட்டு. தான் கண்டது நிஜமா, புகையில் தோன்றியதா என்று அவனுக்கே சந்தேகம். சாட்சி சொல்வதைக் குறித்துக்கொள்கிறான். அந்தக் குறிப்பை எட்டிப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கஞ்சா என்றதும் நம்மில் ஒரு தோழர் முகம் சுளித்தார். “ஊர்ப் பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள். இதைப் போய் உட்கார்ந்து ரசிப்பதா?” என்றார். அவர் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆந்திர எல்லை நம் வாசலில் இருக்கிறது. மலைப் பிரதேசத்தில் விளைகிற சரக்கு, ரயிலிலும் பஸ்ஸிலும் திருத்தணி வழியாக இறங்குவதும், அவ்வப்போது பிடிபடுவதும் பத்திரிகையில் வருகிற சேதிதான். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைது செய்கிறார்கள். பிடிபடுகிறவன் யார்? பெரும்பாலும் கூலிக்குப் பை தூக்கிய பையன். பணம் போட்டவன் பெயர் சேதியில் வந்து நாம் படித்த நினைவில்லை. ஒரு தாயின் பிள்ளை சிறைக்குப் போகிறான், மறு வாரம் வேறொரு தாயின் பிள்ளை பை தூக்குகிறான்.

தோழர் சுளித்த முகத்தோடேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் படம் போகப் போக, நாம் மேலே சொன்ன விஷயத்தையே அதுவும் சொல்லிக்கொண்டு போவதைக் கண்டோம்.

கதையை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறோம், முடிந்த மட்டும். டாக்கிடம் அவனது பழைய காதலி வருகிறாள். நிலம் வாங்கி வீடு கட்டி விற்கும் கோடீஸ்வரன் மிக்கி வுல்ஃப்மேன், இப்போது அவளுடைய சிநேகிதன். அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்க அவன் மனைவியும் அவளுடைய கள்ளக்காதலனும் சூழ்ச்சி செய்கிறார்கள் என்கிறாள். பிறகு கோடீஸ்வரனைக் காணோம். காதலியையும் காணோம். ஒரு கொலை விழுகிறது. பழி டாக் மேல் வருகிறது. துப்புத் தேடிப் போகிற இடமெல்லாம் ‘தங்கக் கோரைப்பல்’ என்று ஒரு பெயர் அடிபடுகிறது. அது ஒரு கப்பல் என்கிறார் ஒருவர். பல் வைத்தியர்களின் சங்கம் என்கிறார் இன்னொருவர். ஹெராயின் கடத்துகிற கூட்டம் என்கிறார் மற்றொருவர். எல்லாமே உண்மைதான் போலிருக்கிறது! போதை மருந்தை விற்கிறவனும் அவனே. போதையில் சொத்தையான பல்லைக் கட்டுகிறவனும் அவனே. போதையை நிறுத்துகிற ஆஸ்பத்திரி நடத்துகிறவனும் அவனே. வியாதியிலும் லாபம், வைத்தியத்திலும் லாபம்.

இந்த இடத்தில்தான் முகம் சுளித்த தோழர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காணாமற்போன கோடீஸ்வரன் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் அகப்படுகிறான். அவனுக்கு என்ன வியாதி தெரியுமா? ஜனங்களிடம் வீட்டுக்குப் பணம் வாங்கியது பாவம் என்று திடீரென்று தோன்றிவிட்டதாம். பாலைவனத்தில் இலவசமாகக் குடியிருக்க ஓர் ஊரே கட்டத் தொடங்கிவிட்டானாம்! அந்தப் பைத்தியத்தைத் தெளியவைக்கிறார்கள். பக்கத்தில் மத்திய போலீசார் நிற்கிறார்கள். தெளிந்தபின் அவன் பழையபடி பணம் பண்ணப் போய்விடுகிறான். கொட்டகையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு எதிர்வீட்டு அம்மா விளக்கோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு சொன்ன பிறகும், யார் யாரைக் கொன்றார், யார் சொல்லிக் கொன்றார் என்று கேட்டால் நம்மால் வரிசைப்படுத்த முடியாது. சிக்கு விழுந்த நூலை ஒரு முனை பிடித்து இழுத்தால் மூன்று முடிச்சு இறுகுகிறதே, அந்த மாதிரி. ஆயினும் அலுப்பில்லை. காரணம் படத்தின் பாங்கு. வெயிலில் சற்று வெளுத்த பழைய புகைப்படம் போன்ற வர்ணம், அவசரமில்லாத பேச்சு, முகங்களை விட்டு நகர மனமில்லாத காமிரா. பிக்ஃபுட் என்று ஒரு போலீஸ்காரர் வருகிறார். சாக்லேட் பூசிய உறைந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே காரோட்டுகிறார். டாக்கை உதைப்பதும் அவர்தான். டாக்கை விட்டால் பேச ஆளில்லாதவரும் அவர்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசு கனத்துப்போகிறது.

புரியாத படத்தைப் பாமர ஜனங்கள் ரசிக்க மாட்டார்கள் என்று படமுதலாளிகள் ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டிவந்த சாட்சிகளில் ஒன்று ‘அந்த நாள்’. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் எடுத்த படம் அது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிய கதை. ரேடியோ என்ஜினீயர் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான், சிவாஜி கணேசன். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். செத்தவன் உத்தமனா துரோகியா என்பதே சொல்கிறவரைப் பொறுத்து மாறுகிறது. வெளிவந்தபோது வசூல் இல்லை. ஜனங்களுக்கு மூளை போதவில்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பாட்டுக்கும் கூத்துக்கும் என்றே கொட்டகைக்கு ஜனங்களைப் பழக்கியவர்கள் யார் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை! அதே படத்தைப் பிற்காலத்தில் டெலிவிஷனில் பார்த்த நம் வீட்டுப் பெண்கள், மனைவி சொன்னதுதான் நிஜம், இல்லை கொழுந்தன் சொன்னதுதான் நிஜம் என்று தார் சுற்றிக்கொண்டே வழக்காடியதை நாம் கேட்டிருக்கிறோம்.

முடிச்சு அவிழாதது அமெரிக்காவிலும் புதிதல்ல. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை 1946இல் படமாக்கியபோது, கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படக்காரர்கள் ஆசிரியரிடமே கேட்டார்களாம். அவருக்கும் தெரியவில்லை. பாவு பிணைக்கிற பெரியவரிடம் இதைச் சொன்னோம். “அப்படியானால் நான் கேட்டதில் தப்பில்லை” என்றார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் புரிந்தே ஆகவேண்டும்: துப்பறிகிறவன் யாரிடம் கூலி வாங்குகிறான்? சினிமாவில் துப்பறிவாளன் வீரன். ஆலைத் தொழிலாளியின் அனுபவத்தில் அவன் வேறு ஆள். அமெரிக்காவில் பிங்கர்ட்டன் என்று ஒரு துப்பறியும் கம்பெனி. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தகராறில் கார்னகி கம்பெனிக்காகத் துப்பாக்கியுடன் வந்து இறங்கிய சுமார் 300 பேர் அந்தக் கம்பெனி ஆட்கள். சங்கத்துக்குள் நுழைந்து ஆள்காட்டுவதும் அவர்களின் தொழில். அதே கம்பெனியில் வேலை பார்த்து, அதன் உள்ளும் புறமும் அறிந்து வெளியே வந்தவர் டாஷியல் ஹாம்மெட். துப்பறியும் நாவலுக்கு அமெரிக்காவில் புது ரத்தம் பாய்ச்சியவர். 1951இல், இடதுசாரிகளின் ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று கோர்ட்டில் கேட்டபோது, பெயர் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார். துப்புச் சொல்லாத துப்பறிவாளர்!

நாம் பார்த்த படத்திலும் ஓர் ஆள்காட்டி வருகிறான். கோய் என்று பெயர், சாக்ஸபோன் வாசிக்கிறவன். போதையில் செத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, இடதுசாரி இளைஞர்களின் கூட்டங்களில் புகுந்து உளவு சொல்கிறான். செய்த வேலை பிடிக்கவில்லை. வெளியேற வழியும் இல்லை. மனைவியும் சின்னக் குழந்தையும் அவன் செத்துவிட்டான் என்று நினைத்து வாழ்கிறார்கள். டாக் கைக்குக் கூட்டத்தின் ஹெராயின் சரக்கு வந்து சேரும்போது அவன் அதற்குப் பணம் கேட்பதில்லை. கோயை விட்டுவிடு என்கிறான், அவ்வளவுதான். சரக்கை வாங்கிப் போக வருவது யார்? கத்தி துப்பாக்கி ரௌடிகள் அல்ல. பார்வைக்குச் சாதுவான ஒரு குடும்பம், குடும்பக் காரில். பிறகு டாக் கோயை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறான்.

கொட்டகையில் அப்போது பேச்சு மூச்சு இல்லை. அந்த வாசலைப் பார்த்தபோது, வேலைநிறுத்த நாளில் உள்ளே போய்விட்டு அப்புறம் தெருவில் நம் முகத்தைப் பார்க்க முடியாமல் நடந்த ஒருவரின் நினைவு நமக்கு வந்தது. கருங்காலி என்று அவரை ஏசியவர்களில் நாமும் உண்டு. அவர் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்று நாம் விசாரித்ததில்லை.

படத்தில் குறையில்லாமல் இல்லை. பெண்களில் பாதிப் பேர் உடம்பைக் காட்டுவதற்கென்றே வந்துபோகிறார்கள். கஞ்சாப் புகைக்கு ஓர் அழகு பூசப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பையன் அதைப் பார்த்து மயங்கமாட்டான் என்று நாம் உறுதி கூற முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. கறுப்பின மனிதர் ஒருவர் டாக்கிடம் வருகிறார். சிறையிலிருந்து திரும்பிவந்து பார்த்தால் தான் வாழ்ந்த தெருவே இல்லை, அந்த நிலத்தில் வுல்ஃப்மேன் வீடு கட்டுகிறான் என்கிறார். அவரை ஒரே காட்சியோடு அனுப்பிவிடுகிறார்கள். கோடீஸ்வரனைத் தேடப் படம் முழுக்க ஆள் இருக்கிறது. அந்தத் தெருவைத் தேட ஆளில்லை.

தலைப்பின் பொருளைத் தம்பிதான் சொன்னான். கப்பல் இன்ஷூரன்ஸ்காரர்களின் வார்த்தையாம். சரக்கிலேயே இருக்கிற குறை. அதனால் சேதம் வந்தால் கம்பெனி பொறுப்பேற்காது. “நம் கதைதான்” என்றார் ஒரு நெசவாளி. நூல் மட்டமாக இருந்தால் பாவு அறுகிறது. துணியில் பழுது விழுகிறது. கூலி யாருக்குப் பிடிக்கப்படுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மின்சாரம் வந்துவிட்டது, தறிக்குப் போனோம். பாவு பிணைக்கிற பெரியவர் மட்டும் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தி, அடுத்த மின்வெட்டுக்கு இதையே முதலிலிருந்து மறுபடியும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.