துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு எதைக் கற்பிக்கிறது?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் துப்பாக்கி குறித்த பேச்சு பெரும்பாலும் இரண்டு நிலைப்பாடுகளுக்குள் முடிந்துவிடுகிறது. தேசிய மாணவர் படையின் துப்பாக்கி சுடும் பயிற்சியை நாட்டுப்பற்றின் அடையாளமாகக் கொண்டாடுவோர் ஒருபுறம். கல்வி நிலையத்துக்குள் புகுந்த இராணுவ மனப்பான்மை என்று அதனை ஒதுக்குவோர் மறுபுறம். தொடக்கநிலை ரைபிள் வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இரு சாராரும் கவனிப்பதில்லை. தேசிய மாணவர் படைப் பயிற்சியை மதிப்பலகுகளுடன் கூடிய விருப்பப் பாடமாக வழங்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அன்று முதல் இது ஆர்வலர்களின் விவாதம் என்ற நிலையைக் கடந்து பாடத்திட்டம் பற்றிய கேள்வியாகிவிட்டது. பாடம் என்று ஏற்கப்பட்ட ஒன்று எதைக் கற்பிக்கிறது என்று கேட்பது கல்வியாளர்களின் கடமை.

முதலில் கண்ணில் படுவது, அவ்வகுப்பின் பெரும்பகுதியில் துப்பாக்கி வெடிப்பதே இல்லை என்பது. .22 ரைபிளின் பாகங்களின் பெயர்கள், போல்ட்டை இயக்கும் முறை, ஆயுதத்தைக் கையில் வாங்கியவுடன் அது காலியாக உள்ளதா என்று சோதிக்கும் முறை ஆகியவற்றிலேயே தொடக்க மணிநேரங்கள் கழிகின்றன. 'ஜாஞ்ச் சஸ்த்ர்' என்ற கட்டளைக்கு உடல் தானாகவே இயங்கும் வரை அச்சோதனை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. திரைப்படம் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்கு இது பெரும் ஏமாற்றம். ஆயினும் முதல் பாடம் அந்த ஏமாற்றத்திலேயே அடங்கியிருக்கிறது. வியப்புக்கும் அச்சத்திற்கும் உரியதாக இருந்த ஒரு பொருள், பராமரிப்பும் சரிபார்ப்பும் வேண்டி நிற்கும் ஒரு கருவியாகச் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது.

உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் வெவ்வேறு சொற்களில் கற்பிக்கும் பாதுகாப்பு விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை திரும்பக்கூடாது. சுடும் முடிவுக்கு வரும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்திருக்கவேண்டும். இவ்விதிகளின் அமைப்பு ஆய்வு மாணவர்களின் சிறப்பான கவனத்துக்கு உரியது. இவற்றுள் ஏதேனும் ஒன்றை மீறினாலும் எஞ்சியவை விபத்தைத் தடுத்துவிடக் கூடும். துப்பாக்கி காலி என்று ஒருவர் தவறாக எண்ணினாலும், குழல்முனை மணல்மேட்டை நோக்கியிருந்தால் எவருக்கும் தீங்கில்லை. மனிதர் தவறு செய்வர் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, ஒரு தவறு மட்டும் உயிரைப் பறிக்காதவாறு வகுக்கப்பட்ட ஒழுங்கு இது. வேதியியல் ஆய்வகங்களிலும் மருத்துவ ஆய்வுகளிலும் நாம் ஏற்படுத்த விரும்பும் பாதுகாப்புப் பண்பாடும் இதே தருக்கத்தின் மீதே நிற்கிறது. 'எனக்கு அனுபவம் உண்டு, எனக்குத் தவறு நேராது' என்று சொல்பவரே சுடுதளத்தில் மிகுந்த ஆபத்தானவராகக் கருதப்படுகிறார்.

நான்காவது விதி தனித்து நோக்கத்தக்கது. தேசிய மாணவர் படையின் தொடக்கப் பயிற்சியில் இலக்குத் தாள் ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில் இருக்கும். அதே ரைபிளின் சிறு தோட்டாவோ, தடையின்றிப் பறந்தால் ஒரு மைலுக்கும் அப்பால் சென்று விழக்கூடியது. இதனாலேயே இலக்கின் பின்னே மணல்மேடு எழுப்பப்படுகிறது. சுடுபவர் குறிவைப்பது 25 மீட்டருக்கு. அவர் பொறுப்பேற்கவேண்டியதோ அந்த ஒரு மைல் முழுவதற்கும். நோக்கத்துக்கும் விளைவுக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் வகுப்பறைகள் குறைவு. வழங்கப்பட்ட தோட்டாக்கள் எண்ணித் தரப்படுவதும், வெற்றுக் கூடுகள் எண்ணித் திரும்பப் பெறப்படுவதும் அப்பொறுப்பின் தொடர்ச்சியே. ஒரு கூடு குறைந்தாலும் அது கிடைக்கும் வரை அனைவரும் தரையைத் தேடுகின்றனர்.

சுடுதலுக்கு வந்தால், முதல் எதிரி இலக்கின் தொலைவு அன்று, சுடுபவரின் உடலே. மூச்சு, தசை நடுக்கம், இதயத்துடிப்பு ஆகிய அனைத்தும் குழலை அசைக்கின்றன. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், முன்குறியில் நேரும் ஒரு மில்லிமீட்டர் பிழை, 25 மீட்டரில் நான்கு சென்டிமீட்டருக்கும் மேலான விலகலாக விரிகிறது. கண்ணோ பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காணவியலாது. எனவே முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு, இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதை ஏற்கும்படி பயிற்றுநர் வற்புறுத்துகிறார். இலக்கையே வெறித்து நோக்குபவர் தம் கருவியின் பிழையைக் காணத் தவறுகிறார். முடிவை மட்டுமே நோக்கி முறையியலைக் கைவிடும் ஆய்வாளருக்கு நேர்வதும் இதுவே.

அடுத்தது, ஐந்து தோட்டாக்களை ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று அளக்கும் 'குரூப்பிங்' பயிற்சி. துளைகள் நடுப்புள்ளியிலிருந்து விலகியிருக்கலாம்; அவை நெருங்கியிருந்தால் சுடுபவரின் முறை நிலையானது என்று பொருள். குறியமைப்பைத் திருத்தித் துளைக்கூட்டத்தை நடுவுக்கு நகர்த்திவிடலாம். துளைகள் தாள் முழுவதும் சிதறியிருப்பவருக்கு, அவற்றுள் ஒன்று தற்செயலாக நடுப்புள்ளியில் விழுந்திருந்தாலும், அதனால் பெருமையில்லை. நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வு முறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. இலக்குத் தாள் அதனை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

இங்குத் தொடக்கநிலையினர் செய்யும் பொதுப்பிழை, ஒவ்வொரு துளையையும் பார்த்து அடுத்த குறியை மாற்றிக்கொள்வது. இடப்புறம் விழுந்தால் வலப்புறம் குறிவைப்பது, மேலே விழுந்தால் கீழே குறிவைப்பது என்று தொடரும்போது சிதறல் குறையாமல் பெருகுகிறது. தரக்கட்டுப்பாட்டியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் புனல் சோதனையின் வழியாக உணர்த்திய உண்மையும் இதுவே: இயல்பான ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு முறையும் 'திருத்த' முற்பட்டால் மாறுபாட்டளவு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஒரு பருவத் தேர்வு முடிவைக் கண்டு பாடத்திட்டத்தையும், ஓராண்டுத் தரவரிசையைக் கண்டு ஆய்வுக் கொள்கையையும் மாற்றும் பல்கலைக்கழக நிருவாகங்கள் ஐந்து துளைகளுக்காகக் காத்திருக்கும் பொறுமையைச் சுடுதளத்தில் கற்கலாம்.

இவை அனைத்திலும் நேர்மையான பாடம் வெற்றுத் தோட்டாவினுடையது. ஓசைக்கும் அதிர்வுக்கும் அஞ்சி, விசை இழுபடும் கணத்திலேயே உடல் முன்கூட்டிச் சுருங்குவது பலருக்கும் உள்ள குறை. தமக்கு அது இல்லை என்றே பெரும்பாலோர் நம்புகின்றனர். பயிற்றுநர் அவர்கள் அறியாதவாறு மருந்தில்லாத தோட்டா ஒன்றை இடையில் வைத்துவிடுகிறார். வெடியோசை எழவில்லை, குழல்முனை மட்டும் சட்டெனத் தாழ்கிறது. அதன்பின் விவாதத்துக்கு இடமில்லை. தன்னைப் பற்றிய தன் சாட்சியம் போதாது என்பதையும், அதனைச் சோதிக்கும் ஏற்பாடு வெளியிலிருந்து வரவேண்டும் என்பதையும் ஒரு மாணவர் தம் தோளிலேயே உணர்கிறார்.

சுடுதளத்தின் இவ்வொழுங்கை அதற்கு வெளியே நிலவும் துப்பாக்கிப் பண்பாட்டுடன் ஒப்பிடவேண்டும். வட இந்தியாவின் சில பகுதிகளில் உரிமம் பெற்ற துப்பாக்கி இன்றும் குடும்ப அந்தஸ்தின் சின்னம். திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடும் வழக்கம் மணமக்களையும் விருந்தினரையும் பலிகொண்டிருக்கிறது. ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பதை இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றமாக்கியது. ஆயுதங்களைப் பொதுவில் காட்சிப்படுத்துவதற்கும், துப்பாக்கியைப் போற்றும் பாடல்களுக்கும் பஞ்சாப் அரசு 2022 நவம்பரில் தடை விதித்தது. இச்சட்டங்கள் தண்டிக்க முனையும் நடத்தை, நான்காவது விதியை அறியாமையிலிருந்தோ அலட்சியத்திலிருந்தோ பிறப்பது. மேலே சென்ற தோட்டா எங்கோ விழுந்தே தீரும் என்ற எளிய உண்மை, முறையான தொடக்கநிலை வகுப்பு ஒன்றில் அமர்ந்தவருக்கு மறக்கவியலாதது.

இக்கேள்விக்கு ஒரு வரலாறும் உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டு ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அந்த இழிவுக்கு எதிரான உணர்வே, 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளுள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை இடம்பெறச் செய்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதனை அரசியலமைப்பில் சேர்க்க முயன்றபோது, அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அத்தகைய உரிமை குற்றவாளிகளுக்கும் சேர்த்தே கிட்டும் என்று சுட்டிக்காட்டினார். அதே 1948ஆம் ஆண்டில்தான், குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து தேசிய மாணவர் படை தோற்றுவிக்கப்பட்டது. ஆக, குடியரசு தேர்ந்த வழி இது: ஆயுதம் தனிமனிதரின் பிறப்புரிமை ஆகாது, அதனைக் கையாளும் அறிவோ பொதுக் கண்காணிப்பில் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது.

இராணுவ மனப்பான்மை குறித்த எச்சரிக்கை இதனால் பொருளற்றுப் போய்விடுவதில்லை. சீனப் போருக்குப் பின் 1963இல் கட்டாயமாக்கப்பட்ட மாணவர் படைப் பயிற்சி 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது என்ற வரலாறு அவ்வெச்சரிக்கைக்குத் துணை நிற்கிறது. மேலும், சுடுதளம் எவ்வாறு சுடுவது என்று கற்பிக்கிறதே அன்றி, ஏன், யாரை, யாருடைய ஆணையின்பேரில் என்ற வினாக்களை எழுப்புவதில்லை. தாளில் உள்ள கருவட்டத்துக்கு உறவினர் இல்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவதே அங்கு முதல் அறம்; கட்டளையை ஆராய்வதோ பல்கலைக்கழகத்தின் அறம். அவ்விரண்டையும் ஒரே மாணவர் கற்கவேண்டுமெனில், இரண்டாவதைக் கற்பிக்கும் பொறுப்பைப் படைப்பிரிவிடம் விட்டுவிட இயலாது. அது பல்கலைக்கழகத்துக்கே உரியது.

நடப்பில் உள்ள குறை இதற்கு நேர்மாறானது. அணிவகுப்புக்கும் விழாக்களுக்கும் செலவாகும் நேரம் மிகுதி. சுடுதளத்தில் கழியும் நேரம் சொற்பம். ஓரிரு முறை சுட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவருக்கு எஞ்சுவது ஓசையும் பெருமிதமும்தான். மேலே கூறப்பட்ட பாடங்கள் எவையும் அவ்வளவு குறுகிய நேரத்தில் ஊறுவதில்லை. மதிப்பலகு வழங்கும் பல்கலைக்கழகங்கள் குறைந்தது நான்கு செய்திகளை உறுதிசெய்யவேண்டும். தோட்டாவின்றிச் செய்யும் பயிற்சிக்குப் போதிய மணிநேரம் ஒதுக்குவது முதலாவது. அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இரண்டாவது, மதிப்பீட்டில் துளைகளின் எண்ணிக்கையைவிடப் பாதுகாப்பு ஒழுங்குக்கு மிகுந்த மதிப்பெண் தருவது. ஆயுதச் சட்டம், அதன் காலனிய வரலாறு, அரசு வன்முறையின் சட்ட எல்லைகள் ஆகியவற்றைச் சட்டத்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து அதே பாடத்தின் பகுதியாக நடத்துவது மூன்றாவது.

நான்காவது மொழி. 'பர்', 'காலி கர்' போன்ற கட்டளைகள் நாடெங்கும் இந்தியிலேயே வழங்குகின்றன. ஒலிக்குப் பழகிய உடல் அவற்றுக்கு இயங்கிவிடும். ஆனால் ஒரு விதியின் காரணம் ஒலியால் விளங்குவதில்லை. தமிழோ மணிப்புரியோ பேசும் முதலாண்டு மாணவர், விரல் ஏன் விசையைத் தொடக்கூடாது என்பதைத் தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் திருப்பிச் சொல்லவேண்டும். கட்டளைக்குப் பொதுமொழி இருக்கலாம். பாதுகாப்பு விளக்கம் கற்பவரின் மொழியில் அமைவதே முறை. இந்திவழிப் பயிற்சியில் குறிவைத்தலுக்கு வழங்கும் 'சிஸ்த்' என்ற சொல், மராத்தியில் ஒழுங்கு என்ற பொருளில் அன்றாடம் வழங்குகிறது. குறியும் ஒழுங்கும் ஒரே சொல்லில் சந்திப்பதை விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு மராத்தி மாணவருக்கு இயல்பாகவே அமைகிறது. பிறருக்கு அதனை அமைத்துத் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை.

துப்பாக்கியை வணங்குவோரும் வெறுப்போரும் அதனைத் தொலைவிலிருந்தே காண்கின்றனர். தன் தவறை எதிர்பார்த்து நடப்பவராக ஒரு மாணவரை ஆக்குமாயின், தொடக்கநிலை ரைபிள் வகுப்பு பாடத்திட்டத்தில் இருக்கத் தகுதியுடையது. ஆக்கவில்லையெனில், எத்தனை மதிப்பலகுகள் வழங்கினாலும் அது விழாக்கால வேடிக்கையே. இவ்விரண்டில் எது நடக்கிறது என்பதை ஒவ்வொரு கல்விக்குழுவும் தன் சுடுதளத்துக்கே சென்று பார்த்தபின் முடிவு செய்யட்டும்.