சட்டத் தமிழுக்கு ஆசான் வேண்டும்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நீதிமன்ற மொழி தமிழே. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு வழி செய்தது. ஆயின், அத்தமிழில் வழக்கு மனு வரையும் கலையை இளஞ் சட்டத்தரணிகட்குக் கற்பிப்பார் யார்?

காணி வழக்கையே எடுத்துக்கொள்வோம். போரினால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் நிலத்தை அணுக முடியாதிருந்தோர்க்கு எதிராக, அக்காலம் பிறருடைய பத்தாண்டு ஆட்சியிற் சேராது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அப்பயனைப் பெற, எப்போது, எங்கிருந்து, ஏன் பெயர்ந்தார் என்பதை ஐயமற எழுதல் வேண்டும். ‘அவர்’ என்ற ஒரு சொல் வாதியையா பிரதிவாதியையா குறிக்கிறதென மயங்கினும் கமக்காரரின் வயல் ஊசலாடும்.

இவ்வெழுத்து விரிவுரை கேட்டு வருவதன்று. எழுதி, திருத்தம் பெற்று, மீண்டும் எழுதி வருவது. எனவே, 1874 முதல் கொழும்பில் நிலவும் சட்டக் கல்லூரிக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிற்றுவோர்க்கும் என் வேண்டுகோள் இது: இருபது மாணவர்க்கு ஒருவராக நிரந்தர ஆசிரியரை அமர்த்துக, வன்னி மன்றுகளிற் பழகிய சட்டத்தரணியையும் தமிழ் வல்லாரையும் துணை சேர்க்க.

முன்தீர்ப்புகள் பெரிதும் ஆங்கிலத்தில் உள்ளனவே என்பர். உண்மை; அவற்றைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். முல்லைத்தீவு வாதி தன் மனுவைக் கேட்டு, ‘ஆம், நடந்தது இதுவே’ என்று ஒப்பமிடத் தமிழ் வேண்டும்.